மாப்பிள்ளையை யார் கூப்பிடுவது?

அண்ணனூர்
27-10-2025

ஜெயசீலிக்கு,

'அன்புள்ள' என்று போடுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, போடாமல் விட்டிருக்கிறேன். உன் பெயருக்கு முன்னால் இடம் கிடக்கிறது பார். கோபம் தணிந்தால் நிரப்பிக்கொள்ளலாம்.

நீ பையைத் தூக்கிக்கொண்டு முகப்பேருக்கு, மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாசலில் வைத்துச் சொன்னேன். அடுத்த வீட்டுப் பார்வதம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே அதைக் கேட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். போன் செய்யாதே. அதை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். நம்முடைய ஐம்பதாவது கல்யாண நாள் அழைப்பை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? பார்வதத்தின் வீட்டுக்காரர் ரகுநாதனின் போனில். 'உங்க பொண்ணு அனுப்பிச்சிருக்கு சார், வாட்ஸ்அப்ல' என்று காட்டினார். மேலே பூங்கொத்து, நடுவில் நம் பழைய போட்டோ, கீழே கொட்டை எழுத்தில் ஆங்கிலம்: 'கேதர் வித் அஸ்', எங்களோடு வந்து கூடுங்கள் என்று.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இயந்திரக் கையேடுகளையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றேன். ஸ்டேஷன் ரோட்டில் வாசகசாலைக்கு வெளியே உள்ள பலகையில் வாரம் ஒரு வினைச்சொல் எழுதி, தமிழில் அர்த்தமும் உபயோகமும் எழுதி வருகிறேன். என் மகளுக்கு இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதனால் இந்த வாரம் பலகையில் 'கேதர்' எழுதியிருக்கிறேன். அவள் படிக்கப்போவதில்லை. நீயாவது படி.

'கலெக்ட்' என்றால் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பது. டிக்கெட் கலெக்டர் செய்கிற வேலை. 'அசெம்பிள்' என்றால் பாகங்களைப் பொருத்தி முடுக்குவது. தொழிற்சாலையில் காலமெல்லாம் நான் செய்த வேலை. 'கேதர்' இரண்டும் இல்லை. சிதறிக் கிடக்கிற பொருள் இருக்கிற இடத்துக்கு நாம் போகவேண்டும். குனியவேண்டும். எடுத்து மடியில் போட்டுக்கொள்ளவேண்டும். வேப்பம்பழம் பொறுக்குவது கேதர். பூக்கொய்வது கேதர். விறகு பொறுக்குவது கேதர். உட்கார்ந்த இடத்திலிருந்து பொத்தானை அமுக்குவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கும். எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கூப்பிடாத கல்யாணத்துக்கு நான் போனதில்லை. இது உனக்குத் தெரியும்.

வேதமுத்து


முகப்பேர்
30-10-2025

என் அன்புள்ள ஷாரன் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் போடாத 'அன்புள்ள'வையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

தபால்காரர் மூன்றாவது மாடி ஏறி வந்து கடிதம் கொடுத்ததும் மருமகன் கிருபாகரன் பயந்துவிட்டார், கோர்ட்டு நோட்டீஸோ என்று. அண்ணனூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் முகப்பேர் வந்துவிடும். உங்கள் கோபம் ஊர் முழுக்கச் சுற்றி முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். நிச்சயமான பிறகு நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு அப்புறம் இப்போதுதான் எழுதுகிறீர்கள். அப்போதும் பாதிக் கடிதம் இலக்கணம்தான்.

குனிந்து பொறுக்குவதுதான் அந்தச் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. நீங்கள் குனிந்து நான் பார்த்ததில்லை. வேப்பம்பழம்கூட நான்தான் பொறுக்கினேன்.

எனக்குத் தெரிந்த கேதர் ஒன்று இருக்கிறது. பேத்தி சிம்ரனுக்கு விழாவுக்கு கவுன் தைக்கிறேன். இடுப்பில் சுருக்கம் வைக்கிறதை நாங்கள் கேதர் என்றுதான் சொல்வோம். பெரிய தையலாகத் தளர்வாக ஓட்டவேண்டும். ஒரு முனையில் முடிச்சு. மறுமுனையில் நூலைப் பிடித்து மெல்ல மெல்ல இழுக்கவேண்டும். அகலமான துணி அப்படியே ஒடுங்கி இடுப்பளவுக்கு வரும். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்து துணி பழையபடி விரிந்துவிடும். உங்கள் பலகையில் இதையும் எழுதுங்கள்.

நாம் ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகச் சண்டை போட்டோம் என்று பார்வதம் வேண்டுமானால் நம்பட்டும். நடந்தது நமக்குத் தெரியும். 'ஜாபஸை மட்டுமாவது நேரில் போய்க் கூப்பிடுவோம், இரண்டு பேரும் சேர்ந்து போவோம்' என்றேன். உங்களுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். வேப்பம்பட்டு ஒரே ரயில். பத்தொன்பது வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசவில்லை. நீங்கள் 'அவன் பெயரை எடுக்காதே' என்று தட்டைத் தள்ளினீர்கள். மீன் குழம்பு சுவரில் தெறித்தது. அந்தச் சுவரைத் துடைத்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

ஐம்பது வருஷத்துக்கு நன்றி சொல்லி சபையில் நிற்கும்போது, என் கல்யாணத்தில் உங்களுக்குத் தோழனாக நின்றவர் பக்கத்தில் இல்லையென்றால், எனக்கு அந்த கேக்கும் வேண்டாம், மாலையும் வேண்டாம். நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன்.

தையல் மிஷினுக்கு உறை போட்டீர்களா? தூசி படியும்.

ஜெயசீலி


அண்ணனூர்
3-11-2025

ஜெயசீலிக்கு,

தூசி படிவதற்கும் அதே சொல்தான். இதில் செய்கிறவன் யாரும் கிடையாது. ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், தானாகவே சேரும். மேகமும் அப்படித்தான். கூட்டமும் அப்படித்தான், போன வாரம் லெவல் கிராசிங்கில் ஒரு மாடு படுத்ததற்குக் கூடியதைப் பார்த்தேன். இந்த உபயோகத்தைப் பலகையில் சேர்த்திருக்கிறேன். உன் சுருக்கத்தையும் சேர்த்தேன். உன் பெயர் போடவில்லை.

மிஷினுக்கு உறை போட்டாயிற்று.

நீ சுவரைத் துடைத்த பகுதி மட்டும் இப்போது மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. முழுச் சுவருக்கும் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜாபஸ் விஷயம். அவன் மகள் ரியாவின் கல்யாணத்துக்கு அவன் என்னை எப்படி அழைத்தான் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அப்போது நாம் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு இரண்டாம் ஷிப்ட். நீ உன் அம்மா வீட்டில். அவனும் அவன் மனைவி சொர்ணமும் வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. கார்டை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். பாலுக்குக் கூப்பன் செருகுவது போல. மூத்தவன் நான். எங்கள் அப்பா இல்லாத குடும்பத்தில் மேடையில் அவர் இடத்தில் நிற்கவேண்டியவன். மறுபடி ஒரு தடவை வந்திருக்கலாம். அவன் வரவில்லை. நான் போகவில்லை. ஜன்னலில் செருகுவது அழைப்பு அல்ல. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

இன்னொரு உபயோகம் எழுதுகிறேன். 'ஐ கேதர்' என்று ஆங்கிலேயர் பேச்சில் ஆரம்பிப்பார்கள். நேரடியாக யாரும் என்னிடம் சொல்லவில்லை, அங்கே இங்கே கேட்டதை வைத்து நானாகப் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம். மரியாதையான சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. எனக்கு இப்போது மிகவும் பிடித்த உபயோகம் அதுதான். பார்வதத்தின் போன் பேச்சிலிருந்து, நீ வேப்பம்பட்டுக்குப் போக நாள் பார்த்துவிட்டாய் என்று ஊகிக்கிறேன். ரகுநாதனின் போனிலிருந்து, நவம்பர் இருபத்திரண்டாம் தேதி சபை ஹாலில் என் கல்யாண நாள் கொண்டாடுகிறார்கள் என்று ஊகிக்கிறேன்.

ஊகித்துக்கொண்டு ஒருவன் விருந்துக்குப் போக முடியாது. என்னை இதுவரை யாரும் வீட்டுக்கு வந்து அழைக்கவில்லை. அழைக்காவிட்டால் வரமாட்டேன். மாப்பிள்ளை இல்லாமல் நடத்திக்கொள்ளுங்கள்.

வேதமுத்து


முகப்பேர்
6-11-2025

அன்புள்ள ஷாரன் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தின் கடைசியை வாசித்துவிட்டு ஷாரன் அழுதாள். நான் சிரித்தேன். கிருபாகரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

'அம்மா, சொந்தக் கல்யாணத்துக்கு எவனாவது பத்திரிகை கேப்பானாம்மா?' என்கிறாள்.

'உங்கப்பா கேப்பாருடி' என்றேன்.

நேற்று பழத்தட்டோடு வேப்பம்பட்டுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. போகிற வழியெல்லாம் டிரைவர் தம்பி பேசிக்கொண்டே வந்தது. 'இன்னாம்மா, தனியா பயத்தட்டு எட்துகினு போறீங்கோ, ஐயா வர்லியா?' என்று கேட்டது. 'அவருக்குக் கோபம்' என்றேன். 'எங்க நைனாவும் அப்டித்தான்மா. ஊட்ல கீறாரு, ஆனா இல்ல' என்றது. இதைவிடச் சரியாக உங்களை யாரும் சொன்னதில்லை.

ஜாபஸ் இளைத்துவிட்டார். தலை முழுக்க நரை. நடை மட்டும் உங்கள் நடை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவர், என் முதுகுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். பிறகுதான் 'வாங்க அண்ணி' என்றார்.

தட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

'நீங்க வந்தது சந்தோஷம் அண்ணி. ஆனா இது முறையில்ல. ஜோடியா வந்துதான் கூப்பிடணும். அண்ணன் வரட்டும். வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அன்னிக்கு நான் வர்றேன்.'

'அவர் வரமாட்டாரே ஜாபஸ்.'

'அப்ப நானும் வரமாட்டேன். ஒரே அப்பாவுக்குப் பொறந்தவங்கதானே?'

உள்ளேயிருந்து சொர்ணம் காப்பியோடு வந்தாள். 'ஆமா, ரெண்டும் ஒரே அச்சு. இங்க வீராப்பு பேசுறாரே, வாரா வாரம் எங்க போறாருன்னு கேளுங்கக்கா' என்றாள்.

'சொர்ணம், சும்மா இரு.'

'ஏன் சும்மா இருக்கணும்? ஆவடில மருந்து வாங்கணும்னு கெளம்புவாரு. ஆவடி தாண்டி அண்ணனூர்ல எறங்கி, அந்த வாசகசாலைப் பலகையப் படிச்சிட்டு அடுத்த ரயில்ல திரும்புவாரு. வேப்பம்பட்டுல மருந்துக் கடையே இல்ல பாருங்க!'

ஜாபஸ் காப்பியை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, 'எழுத்து சின்னதா இருக்கு அண்ணி. கீழ் வரி தெரியவே மாட்டேங்குது' என்று சுவரிடம் சொன்னார்.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை. பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நல்ல கொய்யா.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஜெயசீலி


அண்ணனூர்
10-11-2025

ஜெயசீலிக்கு,

கடிதம் வந்தது. ஆட்டோக்காரனின் அபிப்பிராயத்தை எனக்கு எழுதவேண்டிய அவசியமில்லை.

பலகையில் மூன்றாவது வாரமாகவும் அதே சொல்தான். முடிக்கவில்லை, அதற்கு நிறைய உபயோகங்கள் இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். வயதானவர்களும் படிக்கிறார்கள் என்று கேள்வி. வாசகசாலையில் கேட்டு, பலகையை ஒரு ஜாண் கீழே இறக்கிக் கட்டச் சொன்னேன். மழைக்கு மேலே தகரமும் போட்டாயிற்று. வாசகசாலை ஆட்கள், 'இத்தனை வருஷம் தோன்றாதது இப்போது எப்படித் தோன்றியது சார்?' என்று கேட்டார்கள். மழைக்காலம் என்று பதில் சொன்னேன்.

ரயில் ஸ்டேஷனிலிருந்து நகர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுப்பதற்கும் இந்தச் சொல் பொருந்தும். முதலில் ஒரு குலுக்கல், பிறகு ஊர்தல், பிறகு ஓட்டம். நின்ற இடத்திலிருந்து உடனே ஓட முடியாது என்பதை அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தைரியத்தைத் திரட்டிக்கொள்வதற்கும் இதே சொல் உண்டு. அதைப் பலகையில் எழுதவில்லை. இடம் போதவில்லை.

ஜாபஸ் சொன்னதைப் பற்றி: நான் போகமாட்டேன். செருகிவிட்டுப் போனவன் அவன். மூத்தவன் இளையவன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது எந்த ஊர் முறை? அவனுக்கு இப்போது அவ்வளவு முறை தெரிந்திருக்கிறது என்பதில் சந்தோஷம். அன்றைக்குத் தெரிந்திருக்கலாம்.

அவனுக்குச் சர்க்கரை உண்டா? இல்லையென்றால் எதற்கு இளைத்தான்? சொர்ணத்திடம் கேட்டு எழுது. எனக்காக இல்லை. நம் குடும்பத்தில் எல்லாருக்கும் வரும் வியாதி, தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கொய்யா அவனுக்குப் பிடிக்கும். சின்ன வயதில் காயாகவே தின்பான்.

என்னை இன்னும் யாரும் வந்து அழைக்கவில்லை என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

வேதமுத்து


முகப்பேர்
15-11-2025, சனி மாலை

ஷாரன் அப்பாவுக்கு,

'அன்புள்ள' இல்லை, கவனித்தீர்களா? இன்று எனக்குக் கோபம்.

எங்கே போயிருந்தீர்கள்?

வீட்டுக்கு வந்து அழைக்கவில்லை, அழைக்கவில்லை என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினீர்கள். சரி, மாப்பிள்ளையை முறையாக அழைப்பது யார்? மாப்பிள்ளையின் தம்பி. இதை யோசித்து, காலையில் எழுந்ததும் நான் அச்சடித்த கார்டோடு வேப்பம்பட்டுக்குப் போனேன். சொர்ணம் பூந்தமல்லியில் ரியா வீட்டுக்குப் போய்விட்டாள். ஜாபஸ் மட்டும் இருந்தார்.

'ஜாபஸ், உங்கண்ணன் வந்து உங்களைக் கூப்பிடலை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கண்ணனுக்குக் கல்யாணம். அவரைக் கூப்பிட ஆள் இல்லை. நீங்க வந்து கூப்பிடுறீங்களா?' என்றேன்.

முதலில் முழித்தார். பிறகு அப்படியொரு சிரிப்பு. இருமல் வரும்வரை சிரித்தார்.

'இது வேற கணக்கு அண்ணி. கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொன்னேன். கூப்பிடப் போகமாட்டேன்னு நான் சொல்லவே இல்லியே' என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

நீங்கள்கூட இப்படித்தான் எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தீர்கள். உங்கள் அம்மா உங்கள் இரண்டு பேரையும் எப்படி வளர்த்தார்களோ.

ரயிலில் உட்காரவே இல்லை அவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன பேசவேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்டேஷன் ரோட்டில் பலகை முன்னால் நின்றார். 'கீழ எறக்கிட்டாரு' என்றார். கடைசி வரிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூறல் என்றார். அப்போது தூறல் இல்லை.

வீட்டுக்கு வந்தால் பூட்டு.

பார்வதத்தைக் கேட்டால், 'காலைலயே வெள்ளைச் சட்டை போட்டுட்டு கெளம்பிட்டாரு. எங்கன்னு கேட்டதுக்கு, உங்களுக்குச் சம்பந்தமில்லைன்னாரு' என்கிறாள். வாசற்படியில் உட்கார்ந்தோம். மதியம் வரை உட்கார்ந்தோம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. 'ஜாபஸ், கார்டை ஜன்னல்ல வச்சிட்டுக் கிளம்புவோம், மழை வருது' என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கார்டைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

'வேணாம் அண்ணி. ஒரு தடவை சொருவுனது போதும்.'

நனைந்துகொண்டே ரயிலுக்கு நடந்தார். நான் இந்தப் பக்கம் பஸ் ஏறினேன்.

ஒரு நாள், இந்த ஒரே ஒரு நாள், வீட்டில் இருந்திருக்கக் கூடாதா?

ஜெயசீலி


அண்ணனூர்
15-11-2025, சனி இரவு

ஜெயசீலிக்கு,

நீயும் ஜாபஸும் வந்து காத்திருந்துவிட்டுப் போனதைப் பார்வதம் சொன்னாள். உனக்குக் கோபம் இருக்கும். அதற்குக் காரணமில்லை என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நான் வேப்பம்பட்டுக்குப் போயிருந்தேன்.

ஏன் போனேன் என்று கேட்காதே. வேப்பம்பட்டில் மருந்துக் கடை இருக்கிறதா என்று பார்க்கப் போனதாக வைத்துக்கொள். நான்கு இருக்கின்றன.

என்னிடம் கார்டு கிடையாது; யாரும் கொடுக்கவில்லை. ஆகையால் நானே வெள்ளைத் தாளில் எழுதி எடுத்துப் போனேன். பெரிய எழுத்தாக. ஸ்டேஷனில் இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் வலி. ஒரு ரயில் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. முழங்கால் வலிதான். பிறகு எழுந்து நடந்தேன்.

அவன் வீட்டு வாசலில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் கேட்டபடியே. 'ஜாபஸ்' என்று. குரல் முதலில் சரியாக வரவில்லை. பத்தொன்பது வருஷமாகச் சொல்லாத பெயர். இரண்டாவது தடவை நன்றாக வந்தது. மூன்றாவது தடவைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்தாள்.

'இன்னா பெரியவரே, எதுக்கு இப்டி கத்தினு கீறீங்கோ? ஊட்ல யாரும் இல்ல.'

'எப்போது வருவார்?'

'எனுக்கு இன்னா தெரியும்? நீங்க யாரு?'

'அவன் அண்ணன்.'

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். 'அண்ணனா? அவுருக்கு அண்ணன் கீறாரா?' என்றாள்.

தாளை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.

வெயில் சுள்ளென்று அடித்தது. பிறகு அது போய் மேகம் கூடியது. மழை வருகிற காற்று. வீட்டுக்குள் வைக்க வழியில்லை. கதவுக்கடியில் தள்ளினால் தண்ணீர் புகும். நல்லவேளையாகச் சட்டைப்பையில் கழுவிக் காயவைத்த பால் கவர் இருந்தது. தாளை அதற்குள் போட்டு, நான்காக மடித்து, கையால் தடவிப் பார்த்துக்கொண்டு

ஜன்னல் கம்பியில் செருகினேன்.

இப்போது கேள். ஜன்னலில் செருகுவது அழைப்பு ஆகுமா? ஆகும். காரணம் சொல்கிறேன். நான் வீடு வரை போயிருக்கிறேன். அவன் இல்லாதது என் குற்றம் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், சாட்சி இருக்கிறது. மழையில் நனையாதபடி செருகியிருக்கிறேன். வாசல் பூட்டியிருந்தாலும் வாசல் வாசல்தான். அங்கே நின்றபோது எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்பது அப்போது வீட்டில் இல்லாதவனுக்குத் தெரியாது. திரும்பி வந்து பார்க்கிறவனுக்கும் தெரியாது. பால் கூப்பன் போல ஒரு தாள்தான் தெரியும். ஆகவே அது முழுமையான, முறையான அழைப்பு. இனிமேல் யாரும் இதற்கு மாறாகப் பேசக்கூடாது. முன்பு எப்போதாவது யாராவது அப்படிப் பேசியிருந்தால், அவர் பூட்டிய வீட்டு வாசலில் கையில் தாளோடு நின்று பார்க்காதவர்.

ஜாபஸ் இன்று கார்டைச் செருகாமல் எடுத்துப் போய்விட்டான் என்று பார்வதம் சொன்னாள். செருகியிருக்கலாம். செல்லும். அவனிடம் சொல்.

மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

வேதமுத்து


முகப்பேர்
18-11-2025

அன்புள்ள, அன்புள்ள ஷாரன் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். தபாலை நம்பினால் காரியம் கெட்டுவிடும். இதைக் கிருபாகரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். அவரை உட்காரவைத்து ஆங்கிலம் பேசாதீர்கள், பாவம், ஆபீசுக்குப் போகவேண்டும்.

உங்கள் கடிதம் இன்று வந்ததும் ஜாபஸுக்குப் போன் செய்து, அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் சனிக்கிழமையே அந்தப் பால் கவரை எடுத்துவிட்டாராம். பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, 'எப்படிக் கூப்பிட்டார், எத்தனை தடவை கூப்பிட்டார், எந்த இடத்தில் நின்றார்' என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். அவள் வந்து நின்றே காட்டினாளாம். சொர்ணம் ஊரிலிருந்து வந்ததும் அவளுக்கும் காட்டச் சொன்னாராம். தாள் வேதாகமம் வைக்கிற மேஜை மேல் இருக்கிறது.

நீங்கள் எழுதிய காரணங்களை அவர் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். 'நின்று பார்க்காதவர்' என்ற இடத்தில், 'அண்ணி, அந்த வரியை இன்னொருக்க படிங்க' என்றார். படித்தேன். அடுத்து சொர்ணம்தான் போனை வாங்கிப் பேசினாள்.

பிறகு அவர் சொல்லியனுப்பியது இது: 'சொருவுனா செல்லும்னு அண்ணனே சொல்லிட்டாரு. அப்ப ரியா கல்யாணத்துக்கு நான் கூப்பிட்டதும் செல்லும். கூப்பிட்டும் அவரு சாப்பிட வரல. அந்தச் சாப்பாடு பாக்கி நிக்குது. ரியா கையால பிரியாணி கொண்டாறோம். முதல்ல அத சாப்பிடட்டும், அப்புறம் கேக்க வெட்டட்டும்.'

வியாழக்கிழமை காலையில் வருகிறோம். ஜாபஸ், சொர்ணம், ரியா, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், ஷாரன் குடும்பம், நான். தட்டு, பூ, பழம், அச்சடித்த கார்டு எல்லாவற்றோடும். வாசலில் நின்று முறையாக மாப்பிள்ளையை அழைக்கப்போகிறோம். தயவுசெய்து வீட்டில் இருங்கள். யாரையும் அழைக்க எந்த ஊருக்கும் போய்விடாதீர்கள்.

நான் அன்றைக்கு அங்கேயே தங்கிவிடுகிறேன். சிம்ரன் கவுனுக்கு இன்னும் சுருக்கம் முடிக்கவில்லை. இந்த வீட்டு மிஷின் நூலை அறுக்கிறது.

ஜெயசீலி


அண்ணனூர்
18-11-2025

அன்புள்ள ஜெயசீலிக்கு,

கிருபாகரன் காத்துக்கொண்டிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அவரிடம் ஒரே ஒரு வினைச்சொல்தான் கேட்டேன். தெரியவில்லை.

வியாழக்கிழமை வீட்டில் இருப்பேன். கதவைப் பூட்டமாட்டேன். அதற்காகத் திறந்த வீட்டில் நுழைவது போல நுழைந்துவிடாதீர்கள். வெளியே நின்று மணி அடிக்கவேண்டும். ஜாபஸ்தான் முன்னால் நிற்கவேண்டும். நான் வந்து திறப்பேன். கார்டை என் கையில் கொடுக்கவேண்டும். இதில் எந்த மாற்றமும் கிடையாது.

ரியா கல்யாணச் சாப்பாடு விஷயத்தில் ஜாபஸ் சொன்ன நியாயத்தை மறுக்க வழி தேடினேன். இதுவரை கிடைக்கவில்லை. பிரியாணி கொண்டுவரட்டும். காரம் குறைவாக.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. நீ துடைத்த இடம் எது என்று இப்போது தெரியவில்லை.

நீ எழுதிய ஆட்களை எண்ணிப் பார்த்தேன். நம் வீட்டில் இருக்கிற நாற்காலிகள் போதாது. அதனால் கடிதத்தைப் படித்ததும் தெருவில் இறங்கினேன். ரகுநாதன் வீட்டில் இரண்டு மடக்கு நாற்காலி. எதிர் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி. மூலை வீட்டில் ஒரு பெஞ்சு. அதைத் தூக்கக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. கிருபாகரன்தான் மறுபக்கம் பிடித்தார். எல்லாவற்றையும் துடைத்துக் கூடத்தில் போட்டிருக்கிறேன். ஜாபஸுக்குக் கைவைத்த நாற்காலி, ஜன்னல் பக்கம்.

ரகுநாதன், 'ஒரு போன் பண்ணியிருந்தா பையனே கொண்டாந்து போட்டிருப்பானே சார்' என்றார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்த்தான் கேட்டேன்.

வேதமுத்து